வெடி போடச் சொன்னது நான்தான், மாரீஸு

என் இடுப்பிலேயே வளர்ந்த தம்பி மாரீஸுக்கு,

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேற்கொண்டு நீ ஒரு வார்த்தை கேட்க மாட்டாய். பவுனு உயிரோடு இருக்கிறாள். நாலு காலையும் ஊன்றித்தான் நிற்கிறாள். வலது பின்னங்கால் மட்டும் பழைய மாதிரி இல்லை. அது ஏன் அப்படி ஆனது என்று உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நீ ஒருத்தன்தான் பாக்கி.

நீ போய் ஒன்றரை வருசம் ஆகிறது. காமாலை முற்றி உன்னை மதுரைக்குக் கொண்டுபோன அன்றைக்கு, காரியாபட்டி தாண்டியதும் கண்ணைத் திறந்தாய். அம்மாவைக் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த என்னையும் கேட்கவில்லை. "பவுனுக்குத் தண்ணி வச்சாகளா?" என்றாய். எனக்கு அந்தக் குதிரை மேல் கோபம்தான் வந்தது. மில்லில் ஷிப்டு பார்க்கிறவனுக்குக் குதிரை எதுக்கு என்று ஊரே கேட்டபோது நானும் சேர்ந்து கேட்டவள்தானே. சந்தையில் எலும்பும் தோலுமாக நின்றவளைக் கூட்டி வந்து, கொள்ளு வைத்துத் தேற்றி, உடம்பு மினுங்க ஆரம்பித்த பிறகு பவுனு என்று பேர் வைத்தாய். ஷிப்டு முடிந்து வந்தால் கண்மாய்க் கரையில் அவள் மேல் ஏறிப் போவதுதான் உனக்கு இருந்த ஒரே சந்தோசம். நீ பீடி குடித்ததில்லை, சினிமாவுக்குப் போனதில்லை.

நீ போன பிறகு காளிராஜ்தான் அவளைப் பார்த்துக்கொண்டான். உன் சிநேகிதன் தண்ணி லாரி ஓட்டிவிட்டு வந்து, தன் வீட்டுக்குப் போகும் முன் திருச்சுழியில் நம் வீட்டுக்கு வந்து அவளைத் தேய்த்துக் குளிப்பாட்டுவான். அவனை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவனாகத்தான் வந்தான்.

இந்த வருசம் இனியாவுக்குக் காதுகுத்து வைத்தோம். ஐந்து வயது முடிந்துவிட்டது, இன்னும் தள்ளிப்போட வேண்டாம் என்று உன் மச்சான் சொன்னார். அப்போது என் மாமியார் சொன்னார், "மாமன் இல்லாத காதுகுத்து. கோயில்ல வச்சு சுருக்கமா முடிச்சிருவோம்த்தா." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்த மூன்று வார்த்தை எனக்குள் தைத்துவிட்டது. மாமன் இல்லாத காதுகுத்து! என் பிள்ளைக்கு மாமன் இருந்தான். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலவனத்தம் தெருவெல்லாம் சுற்றியவன் அவன். அதை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது.

பாலவனத்தத்திலேயே மண்டபம் பேசினோம். மாமன் சீர் தட்டுகளை அம்மாவும் பெரியப்பா வீட்டு ஆட்களும் கொண்டுவருவார்கள். பெரியப்பா மகன் மடியில் வைத்துக் காது குத்துவது. சீருக்கு முன்னால் மாமனின் குதிரை வரும். இதை நான்தான் சொன்னேன். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

காளிராஜுக்குப் போன் போட்டேன். "கூட்டிட்டு வாரேன்க்கா. டிரம்செட்டோட நிறுத்திக்கிருவோம். வெடி மட்டும் வேணாம், முன்கூட்டியே சொல்லி வச்சிருங்க" என்றான்.

"நான் பாத்துக்கிறேன், நீ கவலப்படாத" என்றேன்.

எனக்குத் தெரியாமல் இல்லை, மாரீஸு. திருச்சுழித் திருவிழாவில் இரண்டு தெரு தள்ளி வெடி போட்டதற்கே அவள் மத்தியானம் வரை வேர்த்து நடுங்கினாள் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். "நம்ம வீட்டு விசேசம் எதுக்கும் இவளக் கேட்டுராதக்கா, எனக்கு இல்லன்னு சொல்ல வராது" என்று சிரித்தாய். உயிரோடு இருந்தவனிடம் கேட்காததை, நீ இல்லாதபோது எடுத்துக்கொண்டேன். 

அன்றைக்குக் காலை எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. நெற்றியில் பொட்டும் கழுத்தில் சம்பங்கி மாலையுமாகப் பவுனு முன்னால் வந்தாள். காளிராஜ் அவள் காதோரம் ஏதோ பேசிக்கொண்டே நடந்தான். டிரம்செட்டுச் சத்தத்துக்குக் காதை மட்டும் அடித்துக்கொண்டாள், மிரளவில்லை. மாடியில் நின்று ஆட்கள் போனில் படம் எடுத்தார்கள். அம்மா சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள்.

மண்டபத்துக்குத் திரும்புகிற தெருவில், உன் மச்சானின் சித்தப்பா மகன் சங்கர் என் பக்கத்தில் வந்தான். கையில் சரவெடிச் சுருள். "மதினி, சரம் போட்டுரவா? மாமன் சீரு வருது, வெடி இல்லாமயா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மண்டபத்து வாசலில் மாமியார் வகையறாப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான்.

"போடு. கொஞ்சம் தள்ளிப் போடு" என்றேன்.

தள்ளி என்று சொன்னேன் அல்லவா? பிறகு எத்தனையோ நாள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

முதல் வெடியிலேயே பவுனு இரண்டு காலில் எழும்பிவிட்டாள். காளிராஜ் கயிற்றோடு இழுபட்டான். அவள் பின்னோக்கியே போனாள். அந்தத் தெருவில் சாக்கடை வாறுகால் மேல் போட்ட சிமெண்டுப் பலகை ஒன்று உடைந்து கிடந்தது. வலது பின்னங்கால் அதற்குள் இறங்கியது. காலை உருவி எடுக்க அவள் உதைத்த உதையில் பலகையின் விளிம்பு, முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாகத் தோலை வழித்துவிட்டது. வெளியே வந்தபோது தோல் மடிந்து தொங்கியது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சரம் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. யாரோ வாளித் தண்ணீரை அதன் மேல் கொட்டினார்கள்.

காளிராஜ் சட்டையைக் கழற்றி அவள் காலில் சுற்றிக் கட்டினான். அவன் உள்ளங்கையில் கயிறு அறுத்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் மூன்று காலில் நின்று நடுங்கினாள்.

"யார்றா வெடி போடச் சொன்னது?" என்று உன் மச்சான் கத்தினார். சங்கர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "கூட்டத்துல யாரோ சொன்னாகண்ணே" என்றான் சங்கர். என் கொழுந்தன் காளிராஜ் பக்கம் திரும்பினான். "வெடி போடாத காதுகுத்து எங்க இருக்கு? புடிக்கத் தெரியாதவன் கையில குதிரையக் குடுத்தா இப்பிடித்தான் ஆகும்" என்றான்.

அம்மாவும் சொன்னாள், "ஒன்னைய நம்பித்தானய்யா அனுப்புனேன்."

காளிராஜ் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் தளர விட்டுட்டேன் போல" என்று முணுமுணுத்தான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், இல்லையா?

நேரம் போகிறது என்று உள்ளே கூப்பிட்டார்கள். நான் போனேன், மாரீஸு. உன் குதிரை வெளியே ரத்தம் சொட்ட நிற்க, நான் உள்ளே பட்டுச்சேலையோடு உட்கார்ந்தேன். ஆசாரி காது குத்தியதும் இனியா வீறிட்டாள். நானும் அழுதேன். தம்பியை நினைத்து அழுகிறாள் என்று பெண்கள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அந்தக் கைகளை நான் தட்டிவிடவும் இல்லை.

டவுனிலிருந்து கால்நடை டாக்டரம்மா வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. ஊசி போட்டு, புண்ணைக் கழுவி, தைக்க முடிந்ததைத் தைத்து, பஞ்சு சுற்றி, கால் அசையாமல் சிம்பு வைத்துக் கட்டினார். "எலும்பு உடையலன்னுதான் நெனைக்கிறேன். படம் எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். முன்பக்கத் தசைநார் அறுந்திருக்கு. அது கூடிரும், நாளாகும். பின்பக்கத்துல உள்ளது அறுந்திருந்தா நான் இப்பவே வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார்.

"வேற மாதிரின்னா?" என்று உன் மச்சான் கேட்டார். டாக்டரம்மா பவுனுவைப் பார்த்தார். 

ஊருக்குக் கொண்டுபோக முடியாது, லோடு வண்டியில் ஏற்றினால் தாங்க மாட்டாள் என்றார். மாமியார்தான் முன்னால் வந்தார். மாடுகளை விற்ற பிறகு சும்மா கிடந்த எங்கள் கொட்டகையைக் கூட்டிச் சுத்தம் பண்ணி, மணல் அள்ளிப் போடச் சொன்னார். மண்டபத்திலிருந்து அந்தக் கொட்டகை கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை நடக்க அவளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அன்றிலிருந்து அவள் என் பொறுப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். அடிபடாத காலில் பாரம் ஏறி அதுவும் கெட்டுவிடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவள் எந்தக் காலில் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. சமைத்துக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய்ப் பார்ப்பேன். துவைத்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் படுத்துக் கிடப்பாளோ என்று பயந்துகொண்டேதான் போவேன். அடியெடுத்து வைத்தால் குளம்பு மடங்கி, முன்பக்கம் தரையில் தேய்ந்தது. அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எக்ஸ்ரே மிஷினைக் கொண்டுவந்து படம் எடுத்தார்கள். எலும்பில் கீறல் இல்லை. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் விடத் தெரியவில்லை. ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்தால் ஒரு வாடை. புல்லை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். டாக்டரம்மா மருந்தை மாற்றினார். மாமியார் ஈ அண்டாமல் வேப்பிலைப் புகை போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். "வாயில்லாத சீவன் என்னத்தா பண்ணுச்சு" என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

காளிராஜ் தினமும் வந்தான். திருச்சுழியிலிருந்து பாலவனத்தத்துக்கு, லாரியை நிறுத்திவிட்டு, பைக்கில். கையில் இன்னும் துணி சுற்றியிருந்தான். அவன் வந்தால்தான் அவள் தலையைத் தூக்குவாள். அவன் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். "கயித்த ரெண்டு சுத்து சுத்திப் புடிச்சிருக்கணும்க்கா. ஒரு சுத்துதான் சுத்தியிருந்தேன். மாரீஸு இருந்தா விட்டுருக்க மாட்டான்."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். பெரியப்பா மகன், அவள் மிரண்ட வீடியோவைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். அதற்குக் கீழே காளிராஜைப் பற்றி ஒவ்வொருத்தரும் எழுதியதை நானும் படித்தேன். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பதினோராம் நாள் அவன் கட்டு மாற்றிக்கொண்டிருந்தான். நான் பஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இவ காலு சரியாயிட்டா, ஒங்கம்மாகிட்ட இவளக் குடுத்துட்டு நான் ஒதுங்கிக்கிருவேன்க்கா. எனக்குக் குதிர வேணாம், அதுக்கு லாயக்கு இல்ல" என்றான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"காளிராஜு, வெடி போடச் சொன்னது நான்தான்."

அவன் கட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தான். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"சங்கரு கேட்டாகளா?"

"கேட்டான். நான் போடச் சொன்னேன்."

"வேணாம்னு சொல்லியிருந்தேன்ல?"

"சொன்ன."

"பதினோரு நாளா நான் பொலம்புனதக் கேட்டுக்கிட்டு இருந்தீகளே." அவன் குரல் உயரவே இல்லை. "ஊருக்குள்ள எம் பொண்டாட்டி தண்ணி புடிக்கப் போனா, ஒம் புருசன் அவன் சிநேகிதன் குதிரயவே நொண்டியாக்கிட்டானாமேன்னு கேக்குறாக. டீ போட்டுக் குடுத்தீக. ஒரு வார்த்த சொல்லலையே."

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவன் இல்லாமல் கட்டு மாற்றியது பெரிய பாடு. உன் மச்சான் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் தனியாகச் செய்தேன். சுடச்சுட உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது, அவள் உதைத்தாள். என் தொடையில் பட்டது. பெரிய அடி இல்லை. ஆனால் அந்த உதை எனக்கு வேண்டியிருந்தது என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் அதுவும் வீம்புதான். என்னைத் தண்டிப்பதற்கா அவள் உதைத்தாள்? வலிக்கிறது, உதைத்தாள்.

அன்றைக்கே உன் மச்சானிடம் சொன்னேன்.  பிறகு அந்தக் குரூப்பில் என் குரலிலேயே பேசிப் போட்டேன். "நான் செல்வராணி பேசுறேன். அன்னைக்கு வெடி போடச் சொன்னது நான்தான். வேணாம்னு காளிராஜ் முன்னாடியே சொல்லியிருந்தான். அவன் மேல எந்தத் தப்பும் இல்ல. சங்கர் மேலயும் தப்பு இல்ல, நான் சொல்லித்தான் போட்டான்." மூன்று தடவை அழித்துவிட்டு நாலாவது தடவை அனுப்பினேன். "இத இப்ப எல்லாருக்கும் சொல்லித்தான் ஆகணுமா?" என்றார் உன் மச்சான். ஆகணும் என்றேன்.

குரூப்பில் சாயங்காலம் வரை யாரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒரு அத்தை கும்பிடுகிற கையைப் போட்டார். என் கொழுந்தன் என்னிடம் ஒரு மாசம் பேசவில்லை. பரவாயில்லை.

அம்மாவிடம் போன் இல்லை, பஸ்ஸு ஏறிப் போனேன். முற்றத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்ற வாக்கிலேயே சொன்னேன். சுளகைக் கீழே வைத்தாள்.

"ஒந் தம்பி இருந்தா ஒன்னைய அடிச்சிருப்பான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பெறகு அவனே ஒக்காந்து அழுதிருப்பான்" என்றாள். எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "வா, அந்தப் பயலப் பாத்துட்டு வருவோம். நானுந்தான அவனச் சொன்னேன்" என்று முன்னால் நடந்தாள்.

காளிராஜ் வீட்டில் இல்லை. அவன் மனைவியிடமும் அவன் அப்பாவிடமும் வாசலில் நின்று சொன்னோம். அக்கம்பக்கம் வேடிக்கை பார்த்தது. அவன் மனைவி உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. "சரி, சொல்லிருதேன்" என்றாள். திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

அவன் மறுநாள் வந்தான். என் பக்கம் திரும்பவில்லை. நேரே கொட்டகைக்குப் போய்க் கட்டைப் பிரித்தான். "கட்டு எறுக்கமா இருக்கு" என்றான். அதன் பிறகு ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை.

இரண்டரை மாசம் ஆனது. ஒரு நாள் குளம்பு மடங்காமல் ஒரு அடி வைத்தாள். மறுநாள் நாலு அடி. டாக்டரம்மா அவளை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்தார். "நடப்பா, மேய்வா. ரோட்டுல ஓட விடாதீங்க. ஆள் ஏத்தாதீங்க. இவ்வளவு வந்ததே பெரிசு" என்றார். காயம் ஆறிய இடத்தில் தோல் தடித்துப் போய் மேடாக இருக்கிறது, முடி முளைக்கவில்லை. நடந்தால் அந்தக் கால் மட்டும் ஒரு நொடி தாமதமாக வருகிறது. இனி யாரும் அவள் மேல் ஏறிக் கண்மாய்க் கரையில் போக முடியாது. உனக்கு இருந்த அந்த ஒன்றை நான் இல்லாமல் ஆக்கிவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன், மாரீஸு. அவள் என் தோளில் மூக்கைத் தேய்த்தாள். கையில் வெல்லம் இருக்கிறதா என்று பார்த்தாள், அவ்வளவுதான். அது மன்னிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

லோடு வண்டியில் மணல் பரப்பி அவளை ஊருக்குக் கொண்டுவந்தோம். மாமியார் வண்டிக்குள் எட்டிப் பார்த்து அவள் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் இனியாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். காளிராஜ் என்னிடம் பேசுகிறான். மருந்து தீர்ந்தது, சோளத்தட்டை வேணும், அவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் வாய்க்கு வாய் அக்கா என்பான். இப்போது அந்தச் சொல் வருவதில்லை. நான் அதைக் கேட்டு வாங்க முடியாது.

போன ஞாயிறு கண்மாய்க்கு அவளை நடத்திக் கூட்டிப்போனோம். தண்ணீர் வற்றி மணலாகக் கிடந்தது. திடீரென்று முன்னங்காலை மடக்கினாள். விழுகிறாள் என்று நான் அலறிவிட்டேன். அவள் விழவில்லை. மணலில் படுத்து, முதுகைத் தேய்த்து, நாலு காலையும் வானத்தில் ஆட்டிப் புரண்டாள். அடிபட்ட நாளிலிருந்து அவள் புரண்டதே இல்லை. பிறகு அந்தக் காலையும் ஊன்றி, ஒரு தடவை தடுமாறி, எழுந்து உதறினாள். மணல் எங்கள் முகத்தில் அடித்தது. இனியா கைதட்டினாள். காளிராஜ் சிரித்தான். நானும் சிரித்தேன். உடனே இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நரிக்குடிப் பக்கத்து ஆள் ஒருத்தர் கிட்டே வந்து, "அருமையான குதிர. பின்னங்காலுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். காளிராஜ் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். என் தப்பில் எதையும் மறைக்கவில்லை, தள்ளிப் போடு என்று சொன்னதை மட்டும் சாக்காகச் சொல்லவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

உனக்கு நான் கொடுக்க முடிந்த வாக்கு இது ஒன்றுதான். பவுனு இருக்கும் வரை அவள் காலைப் பார்த்து எத்தனை பேர் கேட்டாலும், வேறு யாரும் பதில் சொல்ல வேண்டி வராது. நான் சொல்வேன். நான் பக்கத்தில் இல்லாத நாளில் கேட்டால், பாலவனத்தத்தில் செல்வராணி இருக்கிறாள், அவளைக் கேளுங்கள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

என்றைக்கும்
உன் கூடப்பிறந்த அக்கா,
செல்வராணி